மாவு கலந்தால் மக்கிவிடுமா?

மும்பைக் கடைகளில் சாமான் போட்டுத் தரும் பைகள் சிலவற்றில் இப்போது பச்சை இலைப் படம் காணப்படுகிறது. "மக்காச்சோள மாவு சேர்த்தது, மண்ணில் மக்கிவிடும்" என்கிறார் கடைக்காரர். வாங்குகிறவரும் நிம்மதியாக வாங்கிப் போகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா?

பாலிதீனில் தாவர மாவைக் கலக்கும் யோசனை பழையது. 1970களிலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முயன்று பார்த்தார்கள். பெட்ரோலியப் பொருளில் ஒரு பங்கையாவது வயலில் விளைவது ஈடு செய்கிறது. அந்த மட்டில் நல்லதே. சேலம், நாமக்கல் பக்கத்தவருக்கு இது இனிக்கும் சேதியாகவும் இருக்கும். ஜவ்வரிசிக்குப் போகும் மரவள்ளி மாவும் இதற்கு ஏற்றது. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இதில் ஆராய்ச்சி செய்திருக்கிறது. கிழங்கு விலை சரியும் வருஷத்தில் இன்னொரு சந்தை கிடைத்தால் எந்த விவசாயி வேண்டாமென்பார்?

ஆனால் மாவு ஈரத்தை இழுக்கும். பாலிதீன் ஈரத்தை அண்டவிடாது. மாவைக் கூட்டினால் பை கிழிகிறது. குறைத்தாலோ, மாவுத் துகள்கள் பிளாஸ்டிக்குக்குள் சிக்கிக்கொண்டு மண்ணின் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் போகின்றன. எட்டிய மாவை அவை தின்று தீர்த்த பிறகு பாலிதீன் சல்லடையாகி, பொடியாக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும். கண்ணுக்கு மறைவது வேறு, மக்குவது வேறு. பாலிதீனை அடியோடு விட்டு, மக்கக்கூடிய பாலியெஸ்டருடன் மாவு சேர்த்துச் செய்யும் பைகளும் உண்டு. அவை மக்கும், ஆனால் அதற்கும் சூடான உரக்கூடம் வேண்டும். அவற்றுக்கான சோதனையே சுமார் 58 டிகிரி வெப்பத்தில் நடப்பது. மித்தி நதிச் சேற்றில் அந்தச் சூடு ஏது?

இதில் யாரும் பேசாத நஷ்டம் தாராவியில் இருக்கிறது. பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, கழுவி, அரைத்து, உருக்கி மணிகளாக்கும் பட்டறைகளுக்கு இந்தப் பைகளும் வந்து சேரும். பார்வைக்குச் சாதாரணப் பையேதான். உருக்கும் சூட்டில் மாவு கருகும், ஈரம் குமிழிவிடும். மணி பழுப்பேறி வலுவிழக்கும். நல்ல சரக்கு மட்டமான சரக்காகி விலை விழுந்தால், அது பட்டறைக்காரர் லாபத்தோடு நில்லாது. தரம் பிரிக்கும் பெண்ணின் கூலியையும் தொடும்.

சட்டம் இல்லாமலில்லை. மத்திய அரசு 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி, மக்கும் பிளாஸ்டிக் என்றால் நுண்பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காமல் மக்க வேண்டும் என்று வரையறுத்தது. தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் பெற வேண்டும். பாலிதீனோடு மாவு கலந்த பை இந்த வரையறையில் சேராது. தள்ளுவண்டிக்காரரிடம் அபராதம் வசூலிப்பதில் காட்டும் சுறுசுறுப்பை, பை தயாராகும் ஆலைக்குப் போய்ச் சான்றைக் கேட்பதிலும் அதிகாரிகள் காட்ட வேண்டும். இத்தகைய பைகளில் 'மக்கும்' என்று அச்சிட விடக்கூடாது. 'மாவு கலந்தது' என்று மராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் போடச் செய்தால், தரம் பிரிக்கிறவர் கையில் எடுத்ததுமே தனியே ஒதுக்கிவிடுவார்.