அறுந்த இழையும் நின்ற தறியும்

டொயோட்டாவின் புகழைப் பாடுவோர் பலர். அப்புகழ் எவ்வாறு ஈட்டப்பெற்றது என்று வினவுவோர் சிலரே. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் கட்டுரை ஏட்டிலும் உழைப்பின் உயர்வுக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் ஜப்பான் வந்து நிற்கும். ஜப்பான் வந்தால் அதன் பின்னே டொயோட்டாவும் வந்து நிற்கும். போரில் வீழ்ந்த நாடு ஓயாது உழைத்தது, உழைத்ததால் உயர்ந்தது, உழைப்பு அவர்கள் குருதியிலேயே ஊறியது, ஆதலின் தமிழ் மாணவரும் ஓயாது உழைக்க வேண்டும் என்று பேச்சு முடியும். கைதட்டலும் எழும்.

இக்கருத்து மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1982-ஆம் ஆண்டில் மலேசியப் பிரதமர் மகாதீர் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்தார். அதே காலத்தில் சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் இயக்கமும் ஜப்பானையே முன்மாதிரியாகக் கொண்டு, சுறுசுறுப்பான தேனீ ஒன்றைத் தன் சின்னமாக்கிக் கொண்டது. அன்று மாணவராய் இருந்தோர் பின்னர் ஆசிரியராயினர். தாம் கேட்ட பாடத்தையே தம் மாணவர்க்கும் சொல்லினர். இவ்வாறு ஒரு பாடம், எவராலும் சோதிக்கப்படாமலேயே, தலைமுறை கடந்துவிட்டது.

அப்பாடம் பிழையானது. டொயோட்டாவின் வரலாறு ஓயாமல் ஓடியதன் சிறப்பைக் கூறவில்லை. தக்க நேரத்தில் நிற்கத் தெரிந்ததன் சிறப்பையே கூறுகிறது. நின்றபோதெல்லாம் அந்நிறுவனம் உயர்ந்தது. நிற்க அஞ்சியபோதெல்லாம் அதன் பெயர் சரிந்தது.

அந்நிறுவனத்தின் வேர் மோட்டார்த் தொழிலில் இல்லை, நெசவில் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சாக்கிச்சி டொயோடா, 1891-ஆம் ஆண்டில் தம் மரக் கைத்தறிக்கு உரிமம் பெற்றார். பின்னர் விசைத்தறி செய்ய முற்பட்டவர் ஒரு பெருங்குறையைக் கண்டார். விசைத்தறி வேகமாக ஓடும். ஆனால் அதற்குக் கண் இல்லை. ஊடை இழை அறுந்த பின்னும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். பழுதான துணியை முழம் முழமாய்க் குவிக்கும். அதனைத் தடுக்க ஒவ்வொரு தறியருகிலும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். சாக்கிச்சி, இழை அறுந்த அக்கணமே தறி தானாக நிற்கும் ஓர் அமைப்பை வகுத்தார். தறி தானே நிற்பதால் ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது; பழுதான துணியும் குறைந்தது. 1924-இல் நிறைவுற்ற அவருடைய தானியங்கித் தறியின் உரிமையை, 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனம் ஒரு லட்சம் பவுன் கொடுக்க இசைந்து பெற்றது. நெசவு எந்திரங்களை உலகுக்கு விற்றுவந்த நாடு, ஜப்பானியத் தறியின் முன் விலைபேசி நின்றது. அதனினும் விரைவாக ஓடும் தறிகள் இருந்திருக்கலாம். நிற்கத் தெரிந்தமையே இத்தறியின் தனிச்சிறப்பு.

சாக்கிச்சியின் மகன் கீயிச்சிரோ, தறித் தொழிலகத்துக்குள்ளேயே 1933-இல் மோட்டார்ப் பிரிவைத் தொடங்கினார். 1935-இல் லாரி வந்தது. 1936-இல் கார் வந்தது. 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே உருவாயிற்று. தொடக்கத்தில் வெளிவந்த லாரிகள் வழியிலேயே பழுதுற்று நின்றன. விற்றவர்களே ஓடிச் சென்று பழுதுபார்க்க வேண்டியிருந்தது. இன்று உலகம் போற்றும் உறுதி அன்று அவ்வண்டிகளில் இல்லை. உழைப்பு குருதியில் ஊறியது என்போர், அக்குருதி 1935-இல் எங்குச் சென்றிருந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

அடுத்து வந்த ஆண்டுகளிலும் உழைப்பு ஒன்றே அந்நிறுவனத்தைக் காத்ததாகக் கூற இயலாது. 1936-இல் ஜப்பான் அரசு இயற்றிய சட்டம், போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் வளர்ச்சியை நெரித்து உள்நாட்டாருக்கு வழி திறந்தது. போர்க்காலத்தில் படைக்கு லாரி செய்து கொடுத்தே டொயோட்டா வாழ்ந்தது. ஆசியாவை மிதித்த அப்படையின் வாகனங்களை, பின்னாளைய புகழின் ஒளியில் மறந்துவிடுதல் நேர்மையாகாது. போருக்குப்பின் பணமுடை வந்தது. 1950-இல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலையை விட்டு வெளியேறினர். அதற்குப் பொறுப்பேற்றுக் கீயிச்சிரோவும் பதவி விலகினார். அதே ஜூன் மாதத்தில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரிகள் தேவைப்பட்டன, நிறுவனம் பிழைத்தது. அரசின் கையும், போரின் வாய்ப்பும், இரண்டாயிரம் குடும்பங்களின் இழப்பும் இவ்வரலாற்றில் உண்டு. மேடைப் பேச்சில் இவற்றுக்கு இடமில்லை.

ஆயினும் பிறர் உதவியால் மட்டும் ஒரு நிறுவனம் புகழ் பெற்றுவிடாது. அங்கேதான் பழைய தறி மீண்டும் வருகிறது. தயிச்சி ஓனோ என்பவர் டொயோடா குடும்பத்தின் நெசவாலையில் பணியாற்றிவிட்டு, 1943-இல் மோட்டார் நிறுவனத்துக்கு வந்தவர். தறியின் நெறியை அவர் கார்த் தொழிலகத்துக்குக் கொண்டுவந்தார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வேலைவரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், குறை ஒன்றைக் கண்டால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார், குறை தீராவிடில் வரிசை முழுவதும் நிற்கும். பிறகு, ‘ஏன்’ என்னும் வினாவை ஒருமுறையன்று, ஐந்துமுறை கேட்பர். எந்திரம் ஏன் நின்றது? மின்காப்பிழை உருகியதால். அது ஏன் உருகியது? எந்திரத்தின் பாரம் மிகுந்ததால். இவ்வாறு அடியில் உள்ள காரணம் வெளிப்படும்வரை வினா தொடரும். இந்நெறியின் உட்கருத்து எளியது. ஒருபோதும் நிற்காத வரிசை குறையே இல்லாததாக இருக்க வேண்டும்; அன்றேல் குறையை மறைப்பதாக இருக்க வேண்டும்.

இவ்வாறு ஈட்டிய திறனும் ஒரே நாளில் வந்ததன்று. 1957-இல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ‘கிரவுன்’ கார், அந்நாட்டின் நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்கமாட்டாமல் தோற்றது. நிறுவனம் அக்காரின் ஏற்றுமதியை நிறுத்தி, குறைகளைக் களையத் தலைப்பட்டது. 1965-இல் தரக்கட்டுப்பாட்டுக்கான டெமிங் பரிசைப் பெற்றது. 1966-இல் ‘கொரோலா’வை வெளியிட்டது. தோல்வியை ஒப்புக்கொண்டு நின்றதன் பயன் அது.

இவையெல்லாம் ஜப்பானியர்க்கே உரிய இனப்பண்பு என்று இன்னும் வாதிடுவோர்க்குக் கலிபோர்னியா விடை கூறும். அங்குள்ள பிரீமாண்டு நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிலகம், வேலைக்கு வாராமையாலும் தரக்கேட்டாலும் பெயர் கெட்டு, 1982-இல் மூடப்பட்டது. டொயோட்டா அதே நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1984-இல் அதனைத் திறந்தது. வேலைக்குச் சேர்ந்தோரில் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. அவர்தம் தொழிற்சங்கமும் பழைய சங்கமே. மாறியவை மேலாண்மையும் முறையும். வரிசையை நிறுத்தும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது. சில காலத்திலேயே அங்கிருந்து வெளிவந்த கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்கு இணையாகப் பேசப்பட்டன. குருதி மாறவில்லை, கயிறு வந்தது.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. கமாத்தா சத்தோஷி என்னும் எழுத்தாளர் 1972-இல் டொயோட்டாவில் பருவத் தொழிலாளியாகச் சேர்ந்து, சில மாதங்கள் வரிசையில் நின்று உழைத்து, தாம் கண்டவற்றை 1973-இல் நூலாக வெளியிட்டார். வேகம் கூட்டப்பட்ட வரிசையையும், அதனோடு ஓட முடியாமல் களைத்த உடல்களையும் அந்நூல் காட்டிற்று. பழுதான வண்டிக்காக நிற்கும் வரிசை, பழுதான மனிதனுக்காக நிற்கவில்லை என்னும் குற்றச்சாட்டு அதில் அடங்கியிருந்தது. ஓயாத உழைப்பைப் போற்றுவோர் படிக்க வேண்டிய நூல் அது.

நிற்கும் நெறி தளர்ந்தபோது நேர்ந்ததையும் வரலாறு மறைக்கவில்லை. 2008-இல் டொயோட்டா விற்பனையில் உலகின் முதலிடத்தை எட்டியது. அடுத்த ஆண்டே முடுக்குமிதியையும் தரைவிரிப்பையும் பற்றிய குறைகள் வெடித்தன. உலகெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் கீயிச்சிரோவின் பேரரான அக்கியோ டொயோடா, அமெரிக்க மக்களவைக் குழுவின் முன் நின்று, மக்களையும் முறையையும் வளர்ப்பதற்கு முன் வேகமாக வளர்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-இல் அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

பின்னர் வந்தவை இன்னும் கொடியவை. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஹீனோ நிறுவனம், எந்திரங்களின் புகை அளவு பற்றிய சோதனைத் தரவுகளைத் திரித்ததை 2022-இல் ஒப்புக்கொண்டது. 2023-இல் டைஹாட்சுவின் முறை வந்தது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கு நிறுத்திய வண்டிகளில், முன்கதவின் உட்புறம் முறைகேடாக மாற்றப்பட்டிருந்தது ஏப்ரலில் வெளிப்பட்டது. அதில் தொடர்புடைய ஏறத்தாழ 88,000 வண்டிகளுள் மலேசியரின் பெரோடுவா ‘ஆக்சியா’வும் ஒன்று. 1994-இல் ‘கஞ்சில்’ வந்த நாள்முதல் டைஹாட்சுவின் தொழில்நுட்பத் துணையோடு வளர்ந்தது பெரோடுவா. ஆதலின் இது தொலைநாட்டுச் செய்தியன்று. ஆசிரியர்கள் பலர் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் வண்டியின் செய்தி. டிசம்பரில் விசாரணைக்குழு 64 வகை வண்டிகளில் மேலும் 174 முறைகேடுகளைக் கண்டது. மிகப் பழையது 1989-ஆம் ஆண்டுக்குரியது. குறுகிய காலக்கெடுவும், முதற்சோதனையிலேயே தேறியாக வேண்டும் என்னும் நெருக்கடியும், இடர்ப்பாட்டை எடுத்துரைத்தாலும் துணை கிடையாத சூழலுமே காரணங்கள் என்று குழு காட்டிற்று. 2024 ஜனவரியில், சாக்கிச்சியின் தறித் தொழிலகமாகத் தோன்றிய அதே நிறுவனம், டீசல் எந்திரச் சோதனையில் முறைகேடு நிகழ்ந்ததை ஏற்றுக்கொண்டது. அறுந்த இழைக்காகத் தறியை நிறுத்தியவரின் இல்லத்திலேயே இழை அறுந்தது; தறியோ ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டு, டொயோட்டாவின் புகழே பொய் என்று கைகொட்டிச் சிரிப்போரும் உளர். அவர்களும் தவறினர். முப்பதாண்டு முறைகேட்டைப் பொய் என்று கூறுவதற்கான அளவுகோலை வகுத்துத் தந்ததே அந்தத் தறிதான். வழிபடுவோரும் இகழ்வோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: புகழை ஒருமுறை ஈட்டிவிட்டால் நிலைத்திருக்கும் பொருளாகக் கருதுகின்றனர். அதுவோ ஒவ்வொரு வண்டியிலும் மீண்டும் செலுத்தப்பட வேண்டிய கடன். அக்கடன் தவறியதும் விற்பனை சரிந்துவிடும் என்பதில்லை. 2023-இலும் அக்குழுமம் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்று முதலிடத்தில் இருந்தது. ஆதலின், விற்பனை எண்ணிக்கையை நேர்மைக்குச் சான்றாகக் காட்டும் பழக்கத்தையும் பள்ளிகள் கைவிடுதல் நன்று.

இனி வகுப்பறைக்கு வருதல் தகும். திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், இடித்துரைப்பார் இல்லாத ஆட்சி கெடும் என்னும் கருத்தை அழகுற விளக்குவார். அவ்வகுப்பிலேயே ஒரு மாணவன் எழுந்து, கரும்பலகையில் உள்ள விடை பிழை என்று சொன்னால் என்ன நிகழும்? பாடத்திட்டம் தேர்வுக்கு முன் முடிந்தாக வேண்டும். வரிசை ஓடியாக வேண்டும். ஆதலின் அவன் அமர்த்தப்படுவான். மூன்றாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை ஆறாம் ஆண்டுக்குச் சென்றுவிடும். இழை எங்கே அறுந்தது என்று எவரும் ஒருமுறைகூட ‘ஏன்’ என்று கேட்டிருக்க மாட்டார். தேர்ச்சி விழுக்காடு மட்டும் ஏட்டில் உயர்ந்து நிற்கும். டைஹாட்சுவின் சோதனைக்கூடத்தில் நடந்ததற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

தமிழ்ப்பள்ளிகளில் டொயோட்டாவின் கதை இனியும் சொல்லப்படட்டும். ஆனால் முழுமையாகச் சொல்லப்படட்டும். சாக்கிச்சியின் தறியைச் சொல்லும் ஆசிரியர், டைஹாட்சுவின் கதவையும் சொல்ல வேண்டும். கதையைச் சொல்லி முடித்ததும், பிழை கண்ட மாணவன் அஞ்சாமல் கை உயர்த்த இசைவு தர வேண்டும். அவன் கை உயர்ந்தால், பாடம் எத்துணை விரைவாக ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்கு உடன்படாத ஆசிரியர் ஜப்பானைப் புகழ்ந்து பேசாதிருத்தலே மேல்.