தோள்வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருக்கலாமா?

 

தோட்டத்துப் பெண்களுக்கு வரும் நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் மிகச் சிலவே. அடிவயிறு வலித்தால் சூதகவலி. தோள் வலித்தால் வாய்வுப் பிடிப்பு. தலை சுற்றினால் பசியாறாமல் வேலைக்கு வந்த குற்றம். ஒவ்வொன்றுக்கும் கைமருந்தும் உண்டு. சோம்புத் தண்ணீர், சுக்குக் கஷாயம், கோடாலித் தைலம், பிறகு ஒரு தூக்கம். மறுநாள் பிரட்டுக்கு வந்துவிடலாம் என்பது நமது வழக்கம்.

ஆனால் இம்மூன்றும் ஒரே பெண்ணுக்கு, தீட்டு தள்ளிப்போயிருக்கும் சமயத்தில் வந்தால், மறுநாள் வரை காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அந்த ஆபத்தின் பெயர் இடம் மாறிய கர்ப்பம். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு அமைந்துவிடுகின்றன. இதைப் பெண்கள் சங்கதி என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வண்டி கேட்டு ஓட வேண்டியவனும், செக்ரோலில் பேர் எழுதுகிறவனும், ‘கொஞ்சம் பொறுத்துப் பார்’ என்று சொல்லுகிறவனும் பெரும்பாலும் ஆண்களே.

இது எப்படி நேருகிறது?

கரு தரிப்பது கர்ப்பப்பையின் இரு பக்கத்திலும் உள்ள மெல்லிய கருக்குழாயில். அங்கிருந்து அது சில நாட்களில் நகர்ந்து கர்ப்பப்பைக்குள் வந்து தங்க வேண்டும். சிலருக்கு அது வழியிலேயே, குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பப்பை பிள்ளையோடு சேர்ந்து விரியும் தன்மை உடையது. குழாய்க்கு அத்தன்மை இல்லை. ஆறு, ஏழு, எட்டு வாரங்களில் அது தாங்கமாட்டாமல் வெடித்துவிடலாம். வெடித்தால் இரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே பெருகும். அந்தக் கரு பிழைக்க வழியில்லை. தாய் பிழைப்பது நேரத்தைப் பொறுத்தது.

அடையாளங்கள் யாவை?

முதலாவது, தீட்டு தள்ளிப்போதல். இதிலே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சில நாள் கழித்துக் கொஞ்சம் கருஞ்சிவப்பாக, வழக்கத்துக்கு மாறாக இரத்தம் படும். ‘தாமதமாக வந்துவிட்டது’ என்று பெண் நிம்மதி அடைந்துவிடுகிறாள். வழக்கம்போல் இல்லாத தீட்டைத் தீட்டு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக, வலி. அது சுருக்கென்று குத்தலாம், விட்டுவிட்டும் வரலாம்.

மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றுவது: தோள்பட்டையின் முனையில் வலி. வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசைத் திரையைத் தொட்டு உறுத்துகிறது. அத்திரைக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு ஒன்றே ஆகையால் வலி தோளில் தெரிகிறது. படுத்தால் அதிகமாகும். இங்கே பிரிஞ்சாங் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணுக்குத் தோள் வலித்தால் யார் சந்தேகிப்பார்கள்? கீழே பால்மரக் காட்டில் காண்டா வாளி தூக்குகிறவளுக்குத் தோள் வலித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வேலையே அந்த நோய்க்குத் திரை போட்டு மறைத்துவிடுகிறது!

நான்காவது, தலைசுற்றல், மயக்கம், முகம் வெளுத்தல், வேர்த்துக் குளிர்தல். இவை வந்துவிட்டால் உள்ளே இரத்தம் பெருகுகிறது என்று கருதி ஓட வேண்டியதுதான். வாந்தி, வயிற்றுப்போக்கு, மலம் கழிக்க வேண்டும் என்ற முட்டல் ஆகியவையும் சிலருக்கு வருவதுண்டு.

வயிற்றுப்போக்கு என்றதும் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவு கட்டுவது நம் தோட்டத்து மக்கள் மட்டும் செய்வதல்ல. பிரிட்டனில் 1952 முதல் பிரசவ காலத் தாய் மரணங்களை ஒவ்வொன்றாக விசாரித்து அறிக்கை எழுதி வருகிறார்கள். அங்கேயே, இடம் மாறிய கர்ப்பத்தை வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பப்பட்டு இறந்த பெண்களைப் பற்றி அவ்வறிக்கைகள் மீண்டும் மீண்டும் எச்சரித்தன. பிள்ளை பெறும் வயதுள்ள பெண் மயங்கி விழுந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்க என்பதே அவர்கள் கண்ட பாடம். நமது நாட்டிலும் 1991 முதல் இத்தகைய விசாரணை நடைபெறுகிறது. படித்த டாக்டர்களுக்கே இந்தப் பாடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது என்றால், நாம் கற்றுக்கொள்வதில் வெட்கம் என்ன?

யாருக்கு வரும்?

முன்பு ஒருமுறை இப்படி வந்தவர்களுக்கும், கருக்குழாயில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், கர்ப்பப்பைப் பக்கம் கிருமி நோய் கண்டவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தவர்களும் கர்ப்பத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்களும் கர்ப்பமாவது அரிது. அப்படி ஆகிவிட்டால் அது இடம் மாறியதாக இருக்கக்கூடும். ‘எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே’ என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஆனால் இந்நோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இக்காரணங்களில் ஒன்றுமே இருப்பதில்லை. ஆகவே அவளைப் பார்த்து ‘என்ன பாவம் செய்தாளோ’ என்று பேசும் வாய்கள் மூடிக்கொள்ளட்டும். பாரம் தூக்கியதால் வந்ததும் அல்ல. யார் கண் பட்டதாலும் அல்ல.

முன்னால் போனால் ஊசி, பின்னால் போனால் கத்தி

குழாய் வெடித்த பெண்ணை ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம் என்று 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் லாசன் டெய்ட் என்ற வைத்தியர் செய்து காட்டினார். அதற்கு முன் வைத்தியர்கள் பெரும்பாலும் கைகட்டி நின்றார்கள். இன்றோ குழாய் வெடிக்கு முன்னரே கண்டுபிடித்தால், பலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஊசி மருந்தே போதுமானதாகிறது.

அம்மருந்தின் பின்னால் ஒரு தொழிலாளர் கதை உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலையில் உழைத்த கர்ப்பிணிகளுக்கு ஏன் இரத்தம் வற்றுகிறது என்று ஆராய்ந்தார். அவ்வழியே போலிக் அமிலம் என்ற சத்து அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அங்கே லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் தம் குழுவினருடன் அச்சத்தைச் செயற்கையாக ஆக்கினார். அதன் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அக்குழுவின் ஆக்கமே. அவர் 1948-இல் காலமானார். முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அம்மருந்து 1980-களில் இடம் மாறிய கர்ப்பத்துக்கும் பயன்படத் தொடங்கியது. கூலிப் பெண்களின் உடலிலிருந்து தொடங்கிய அறிவு கூலிப் பெண்களுக்குப் பயன்படாமல் போகலாமா? முன்னதாகப் போகிறவளுக்கே அந்த ஊசி உண்டு. குழாய் வெடித்த பின் கத்தி ஒன்றுதான் வழி.

என்ன செய்ய வேண்டும்?

தீட்டு ஒரு வாரம் தள்ளிப்போனாலே மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். கர்ப்பம் என்று தெரிந்த பின் வலியோ இரத்தமோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரி. மயக்கமோ தோள்வலியோ சேர்ந்தால் அந்த நிமிடமே 999-க்குக் கூப்பிடுங்கள். பரிசோதனை செய்யவில்லை என்றாலும் போங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் ஆகையால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம். படுக்க வைத்துக் கொண்டு செல்லுங்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே, ‘தீட்டு தள்ளிப்போயிருக்கிறது, வயிறு வலிக்கிறது’ என்று சொல்லுங்கள்.

பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் தேயிலைக் காட்டின் உட்பகுதியிலிருந்து பெரிய சாலைக்கு வருவதே ஒரு பயணம். விடுமுறை நாட்களில் சுற்றுலா வாகனங்கள் சாலையை அடைத்து நிற்கும். நிபுணர் சிகிச்சை தேவைப்பட்டால் மலையிறங்கி ஈப்போ வரையிலும் போக நேரலாம். பால்மரத் தோட்டங்களில் பலவும் இப்படி ஒதுங்கியவையே. ஆகவே நமது முதல் கோரிக்கை இது: இரவோ பகலோ, யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் நோயாளியை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் ஓட்டுநரும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும். ஓட்டுநரின் டெலிபோன் எண் ஒவ்வொரு லயத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை சட்டம் பற்றியது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாட்கள் ஆகியிருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் 22 வாரமாவது நிறைந்த கர்ப்பத்தையே அச்சட்டம் பிரசவம் என்று கணக்கிடுகிறது. எட்டாவது வாரத்தில் குழாயையும் பிள்ளையையும் ஒருங்கே இழந்தவளுக்கு நோய் விடுப்பும் ஆஸ்பத்திரி விடுப்பும்தான் உண்டு. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண், நோய் விடுப்பு தீர்ந்ததும் மலைச்சரிவில் கூடையோடு நிற்க வேண்டுமா? கூட்டு ஒப்பந்தம் பேசும்போது இவளுக்கென்று தனி விடுப்பைச் சங்கம் கேட்க வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்காட்டில் மயங்கியவளின் பெயருக்கு நேரே வெறுமனே ‘வரவில்லை’ என்று போட்டு முடிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நாமே வண்டி ஏற்பாடு செய்து, மருத்துவச் சான்றை வாங்கிப் பதிவு செய்து, அவள் நாட்சம்பளத்தைக் காப்பாற்ற வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து நம் பக்கத்து லயத்தில் இருக்கும் பெண்ணையும் மறவாதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில் அவள் வாய் திறக்கமாட்டாள்; ஆஸ்பத்திரிச் செலவும் அவளுக்கு அதிகம். அவளும் நம்மைப்போல் உழைத்துப் பிழைப்பவளே. முதலில் உயிர், பெர்மிட் விவகாரத்தைப் பிறகு சங்கம் பேசட்டும்.

தோழர்களே! இன்று மாலை வீட்டில் இதைச் சத்தமாகப் படியுங்கள். மனைவி, மகள், மருமகள் எல்லோர் காதிலும் விழட்டும். தீட்டு தள்ளி, வயிறு வலித்து, தோளோ தலையோ சேர்ந்து தொல்லை கொடுத்தால், தைலப் புட்டியைத் தேடாமல் வண்டியைத் தேடுங்கள்!