ஹாரனுக்கு எந்தச் சுருதி?

சாலையைக் கடக்க நிற்கிறீர்கள். பின்னாலிருந்து புல்லாங்குழல் நாதம் வருகிறது. நின்று ரசிப்பீர்களா? துள்ளி ஒதுங்குவீர்களா?

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. வாகன ஹாரன்களில் புல்லாங்குழல், தபலா, வயலின், ஆர்மோனியம் போன்ற இந்திய வாத்தியங்களின் ஒலியே இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர யோசிப்பதாக மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்காரி 2025 ஏப்ரலில் சொன்னார். அப்படி ஒரு சட்டம் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துக்குப் பெரிய வேலை வரும். கார்கள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அங்கே உருவாகின்றன. வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் மையமும் ஒரகடத்தில் இருக்கிறது.

வாத்தியம் சரி, எந்தச் சுருதியில் வாசிப்பது?

440 வந்த கதை

மேல்நாட்டில் இதற்கு விடை உண்டு. வாத்தியங்களைச் சுருதி சேர்க்க உதவும் 'ஏ' என்ற ஸ்வரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள். இயற்கை வகுத்த கணக்கல்ல இது. மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்தது. 1859-இல் பிரான்ஸ் 435 என்று சட்டம் போட்டது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்றது. 1955-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் அதையே சிபாரிசு செய்தது. 432-தான் உயர்ந்தது என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் வழக்கம்

கர்நாடக சங்கீதத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. பாடுகிறவரின் சாரீரம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள்; பெண்கள் 5 கட்டையை ஒட்டி. தம்பூராவும் வயலினும் மிருதங்கமும் அவருக்கு இணங்கிப் போகும். 'கட்டை' என்ற கணக்கே ஆர்மோனியத்தின் கட்டைகளிலிருந்து வந்ததுதான்.

தேவைக்காக வாத்தியமே மாறியதும் உண்டு. ஒரு காலத்தில் உச்சத்தில் ஒலிக்கும், குட்டையான 'திமிரி' நாதஸ்வரமே வழக்கம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நீளமான, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் 'பாரி' நாதஸ்வரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ராக ஆலாபனைக்கு அது இடம் கொடுத்தது. நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் அதைக் கடைந்து கொடுத்தார்கள். எந்தச் சட்டமும் இல்லாமலே சுருதி இறங்கியது.

சாலையின் தேவை

சாலைக்கு வேண்டியது எச்சரிக்கை. புல்லாங்குழலின் ஒலி தெளிந்த நீர் போன்றது; பல அதிர்வுகள் அதில் கலந்திருப்பதில்லை. அத்தகைய ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சட்டென்று கண்டுபிடிப்பது கடினம். இன்றைய ஹாரன் கரகரப்பதற்குக் காரணமே அதுதான். பல அதிர்வுகள் கலந்த ஒலியே போக்குவரத்து இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். தபலாவோ, ஒரு தட்டோடு அடங்கிவிடும்.

மெட்டுப் போட்டு ஒலிப்பதற்கும் வழியில்லை. பல ஸ்வரங்களை அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரன் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி சொல்கிறது. விதி இருந்தும் பாட்டுப் பாடும் ஹாரன்களை அன்றாடம் கேட்கிறோம்!

எல்லா வண்டிக்கும் ஒரே வாத்தியம், ஒரே சுருதி என்று வைத்தால், கூப்பிடுவது பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா என்று தெரியாது. ஆளுக்கொரு சுருதி என்று விட்டால், நெரிசலில் அபஸ்வரக் கச்சேரிதான். ஆகவே ஹாரனின் குரலை மாற்றுவதற்கு முன், அதை ஓயாமல் அழுத்தும் விரலை அடக்க வேண்டும். இருக்கிற விதியை அமல் நடத்தினாலே பாதி இரைச்சல் குறையும்.

இரவு ஷிப்டு முடிந்து, தூக்கக் கண்களோடு ஒரகடம் சாலையைக் கடக்கிறார் ஒரு தொழிலாளி. கச்சேரியில் பாடுகிறவருக்கு இணங்கித்தான் சுருதி வைக்கிறோம். சாலையில் அந்த மரியாதை நடந்து போகிற இவருக்கு உரியது. எந்த ஒலி இவரை உயிரோடு கரை சேர்க்குமோ, அதுவே ஹாரனுக்கு ஏற்ற சுருதி.