முன் டயரும் முன்யோசனையும்



கொல்கத்தாவில் குடியேறிய நம்மவர்களில் லாரித் தொழிலை நம்பி வாழ்வோர் உண்டு. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் சரக்கேற்றி வரும் உறவினரை வரவேற்கிற இல்லங்களும் உண்டு. அவ்வில்லங்களில் அடிக்கடி கேட்கிற ஒரு சொல், "இன்னும் ஒரு நடை தாங்கும்" என்பது. தேய்ந்துபோன முன் டயரைப் பார்த்துச் சொல்லப்படும் சொல் அது. தாங்குமா, தாங்காதா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? இம்மாதம் அதனைக் குறித்துச் சிந்திப்போம்.

லாரியின் பின்புறத்தில் பக்கத்திற்கு இரண்டு டயர்கள் ஜோடியாக ஓடுகின்றன. ஒன்று வெடித்தாலும் மற்றொன்று சற்று நேரம் பாரத்தைத் தாங்கும். முன்புறத்திலோ பக்கத்திற்கு ஒன்றே. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு பார வரம்பை உயர்த்தியபோது, இரண்டு டயர்கள் கொண்ட முன் அச்சுக்கு 6 டன்னாக இருந்த அளவு 7 டன்னாயிற்று. அதாவது, ஒவ்வொரு முன் டயரும் மூன்றரை டன் வரை சுமக்கலாம். பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் அச்சுமை இன்னும் கூடும். வண்டியைத் திருப்புவதும் அதே டயர்தான். அது வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கப்படும். எதிரே வருகிறவருக்கும் வீட்டில் காத்திருப்போர் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-ஆம் விதிப்படி, லாரி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருப்பதைக் காணலாம். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆயினும் இவ்விதி முன் டயரையும் பின் டயரையும் வேறு பிரிக்கவில்லை. அமெரிக்காவில் லாரியின் முன் டயருக்கு மட்டும் 3.2 மில்லிமீட்டர், மற்றவைகளுக்கு 1.6 மில்லிமீட்டர் என்று தனித்தனியே வரையறுத்திருக்கிறார்கள். 1.6 என்பது அபராதத்திலிருந்து தப்புவிக்கும் அளவு. நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்கும் அளவு அதைவிடப் பெரியது.

இதன் காரணம் நம் ஊர் மழையிலேயே விளங்கும். சாலையில் தேங்கிய நீரைப் பிதுக்கி வெளியேற்றுவதற்கே டயரில் பள்ளம் இருக்கிறது. பள்ளம் ஆழமற்றுப் போனால் நீர் வெளியேற வழியின்றி டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கோலாகாட், பாலேஸ்வர் வழியாகத் தெற்கே போகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆகவே முன் டயருக்கு 4 மில்லிமீட்டரை எல்லையாக வைத்துக்கொள்வது நலம். இயன்றவரை, மழைக்காலம் தொடங்குமுன் புது டயரை மாட்டிவிடுங்கள்.

எல்லையை எட்டும் நாளை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆழம் அளக்கும் சிறு கருவி டயர்க் கடைகளில் கிடைக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு முன் டயரையும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளந்து, கிலோமீட்டர் கணக்குடன் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றில் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். உதாரணமாக, ஒரு மில்லிமீட்டர் தேய 8,000 கிலோமீட்டர் ஆகிறது, இன்று 5 மில்லிமீட்டர் மீதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்குப் போய்வர ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். ஆகவே இரண்டு நடை போகலாம். மூன்றாவது நடைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

சில வேளைகளில் ஆழத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. பக்கச் சுவரில் புடைப்பு, கம்பியோ நூலோ தெரியும் வெட்டு, மேற்பரப்பு பிரிந்து எழும்புதல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அன்றே கழற்றிவிடுங்கள். வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2321 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் நன்றாயிருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் அது முன்புறத்திற்கு உதவாது.

தேய்ந்த விதமும் ஒரு செய்தி சொல்லும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு; நடு தேய்ந்தால் காற்று அதிகம்; ஒரே ஓரம் தேய்ந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் பிசகு; ஆங்காங்கே குழி விழுந்தால் பேரிங், கிங்பின், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இக்குறையை நீக்காமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும். இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை டயரை ஜோடியாகவே மாற்றுங்கள். ரேடியலையும் நைலானையும் ஒரே அச்சில் சேர்க்காதீர்கள்.

"நல்ல டயரை வீணாக்குவதா?" என்று சிலர் வினவலாம். 4 மில்லிமீட்டரில் கழற்றிய டயர், உடல் பழுதில்லாமலிருந்தால் பின்புறத்தில் இன்னும் ஓடும். பிறகு ரீட்ரெடிங்கும் செய்யலாம். கம்பி தெரியும்வரை ஓட்டிய டயருக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. காலந்தாழ்த்துவதே உண்மையான நஷ்டம்.

இறுதியாக உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்திற்கு ஓட்டும் சகோதரர், லோடு ஏற்றிய பிறகு நடுவழியில் "டயர் சரியில்லை" என்று சொல்லத் தயங்குவார். வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு உண்டு. எல்லையை முன்னரே எழுதிவைத்தால் அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை, நோட்டே கேட்கும். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால், கோனா சாலையோரத்திலும் டான்குனியிலும் லாரிகள் மணிக்கணக்கில் காத்து நிற்கின்றன. டயர் ஆறியிருக்கும் அந்த நேரமே காற்றையும் ஆழத்தையும் பார்க்க ஏற்ற நேரம்.

சகோதரிகளே, கணவரோ மகனோ புறப்படுமுன், "சாப்பாடு எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்கிறீர்கள். அத்துடன், "முன் டயர் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.