நல்வாழ்வுப் பக்கம்: முள்ளந்தண்டுக் காயமும் நீர்ச் சிகிச்சையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சேர்த்தே போற்றுவது நமது மரபு. தீர்த்தமாடுதல் நமக்குப் புதிதன்று. ஆயினும், விபத்தினால் முள்ளந்தண்டில் காயமுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்த ஒருவர் வீட்டில் இருந்தால், அவரைத் தண்ணீரில் இறக்கக் குடும்பத்தார் தயங்குகின்றனர். மூழ்கிவிடுவாரோ என்ற பயம் ஒன்று. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் மற்றொன்று. இவ்விரண்டினாலும் நல்லதொரு சிகிச்சை கிட்டாமற் போகின்றது.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முள்ளந்தண்டினுள்ளே செல்லும் நரம்புவடம் சிதைந்தபின் அதைத் தண்ணீர் பழையபடி ஆக்கிவிடாது. அவ்வாறு வாக்களிப்போரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறலாகாது. தண்ணீர் செய்யும் உதவி வேறு. இடுப்பளவு நீரில் உடலின் பாரம் ஏறக்குறையப் பாதியாகின்றது. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கே எஞ்சுகின்றது. ஆகவே, தரையில் காலைத் தூக்கமாட்டாத பலவீனமான தசையும் நீரில் அதை அசைத்துவிடும். சிகிச்சைத் தடாகத்தின் வெந்நீர் பொதுவாக 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அந்த வெப்பத்தில் தசைகளின் இறுக்கமும் இழுப்பும் சிறிது நேரம் தணியும். நாள் முழுவதும் சக்கர நாற்காலியைத் தள்ளிக் களைத்த தோள்களுக்கும் நோகாமற் பயிற்சி கிடைக்கும்.

இந்த நாட்டில் 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் டாக்டர் லூட்விக் குட்மன் முள்ளந்தண்டுக் காயப் பிரிவை ஆரம்பித்தார். அதற்குமுன் இத்தகையோரிற் பலர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே மாண்டனர். 1949இல் வட லண்டனிலுள்ள ஹாலிவிக் பாடசாலையில், ஜேம்ஸ் மக்மிலன் என்னும் பொறியியலாளர் உடல் ஊனமுற்ற சிறுமியருக்கு மிதவைகள் எதுவுமின்றி நீந்தப் பழக்கினார். அவர் வகுத்த ஹாலிவிக் முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றது.

நம்மவரிலும் ஒரு சான்று உண்டு. குத்துச்சண்டை வீரரான இந்திய இராணுவத்தினர் முரளிகாந்த் பெட்கர், 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்பின்கீழ் செயலிழந்தார். உடல் தேறுவதற்கென்றே நீச்சலில் இறங்கினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் 50 மீற்றர் நீச்சலை 37.33 வினாடிகளில் முடித்துத் தங்கப் பதக்கம் வென்றார். எல்லோரும் பதக்கம் பெறப்போவதில்லை. பிறர் தூக்காமல், தாமே திரும்பிப் படுக்கவும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் வலிமை வந்தால், அதுவே வீட்டாருக்குப் பெரும் பதக்கம்.

இனி எச்சரிக்கைகள். உணர்ச்சியற்ற தோலுக்குச் சூடு தெரியாது. எனவே நீரின் வெப்பத்தை அளந்தே இறங்கவேண்டும். தடாகத்தின் தரையில் பாதங்கள் உராயாதிருக்க நீர்க்காலணி அணிவது நன்று. ஆறாத புண்ணோ, காய்ச்சலோ, வயிற்றோட்டமோ இருக்கும்போது இறங்கலாகாது. இறங்குமுன் மலசலம் கழித்திருக்கவேண்டும். மார்பின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை ஆகியவை தோன்றினால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உடனே வெளியேற்றி நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். தணியாவிடில் 999க்கு அழைப்பதில் தாமதம் கூடாது.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் 2013இல் திறக்கப்பட்ட நிலையத்திலும் நீச்சல் தடாகம் உண்டு. ஆனால் பொதுத் தடாகத்து நீர் சிகிச்சை நீரைவிடக் குளிர்ந்தது. அங்கே போவது இரண்டாம் படி. முதற் படி, குடும்ப வைத்தியரிடமோ முள்ளந்தண்டுச் சிகிச்சை நிலையத்திலோ நீர்ச் சிகிச்சை பொருந்துமா என்று கேட்பது. பெண்கள் பெண் இயன்மருத்துவரைக் கேட்கலாம். உடலை மூடிய நீச்சலுடையும் அணியலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இவ்வாறு வீட்டுக்குள்ளேயே முடங்கியிருப்போர் உளராயின், அவர்களைத் தண்ணீர்க்கரை வரை அழைத்துச் செல்ல ஒரு துணை தேவைப்படும். அத்துணையாக ஒருவர் முன்வருவதும் சிவத்தொண்டேயாகும்.