வீட்டுலயே தோட்டா செய்யலாமா, வே?

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் போலீசுக்குப் போனைப் போட்டுராதீங்க மக்களே. செய்முறை விளக்கம் எதுவும் இதுல கிடையாது. ஆசைப்பட்டு, பயந்து, கடைசியில பெரியப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட கதைதான்.

போன சாரல் சீசனுக்கு டெக்சாஸ்ல இருக்குற எங்க அத்தான் வந்திருந்தார். ஐந்தருவியில குளிச்சுட்டு, தலைகூட துவட்டாம பார்டர் பரோட்டாவுக்கு உக்காந்த இடத்துல போன்ல ஒரு வீடியோ காட்டினார். அவர் வீட்டு கார் ஷெட்ல ஒரு மேசை. அதுல கையால அமுக்குற ஒரு பிரஸ், ஒரு தராசு, ஒரு நோட்டு. ரைஃபிள்ல சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டை எல்லாம் பொறுக்கிட்டு வந்து, சுத்தம் பண்ணி, பழைய அளவுக்கு அமுக்கி, புதுசா பிரைமரும் மருந்தும் குண்டும் வச்சு மறுபடியும் தோட்டாவா ஆக்குறார். ரீலோடிங்னு பேராம். நம்ம ஊர்ல மாடித்தோட்டம் போடுற மாதிரி அங்க இது ஒரு பொழுதுபோக்கு.

எனக்கு துப்பாக்கியை விட அந்த நோட்டுதான் பிடிச்சுது. மருந்தை 'கிரெயின்' கணக்குல நிறுக்கணும். ஒரு கிரெயின்னா 65 மில்லிகிராம், அதாவது குன்றிமணியில ஏறக்குறைய பாதி. என்ன மருந்து, எத்தனை கிரெயின், எந்தக் கூடு எத்தனாவது தடவை, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கார். மேசையில ஒரு நேரத்துக்கு ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். டிவி கூடாது, பேச்சு கூடாது. எங்க தெரு ஆசாரி பொன் நிறுக்கும்போது மூச்சு விட மாட்டார் பாருங்க, அதே முகம்.

நமக்கும் கை அரிக்க ஆரம்பிச்சுது. ஊருக்கெல்லாம் அட்வைஸ் பண்ற ஆளாச்சே, முதல்ல சட்டத்தைப் படிப்போம்னு உக்காந்தேன். படிச்சதோட அரிப்பு நின்னுது. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி உரிய லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது. துப்பாக்கி வச்சுக்க லைசென்ஸ் இருக்குறது இதுக்குக் காணாது. இன்னொண்ணு, 'தோட்டா'ங்கற வார்த்தைக்கு சட்டம் குடுக்குற விளக்கத்துல அதோட பாகங்களும் வருது, அதைச் செய்யுற மெஷினும் வருது. அத்தான் மேசையை அப்படியே தூக்கிட்டு வந்து தென்காசியில போட்டா மேசையே கேஸ்! 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம்.

சரின்னு மூட்டை கட்டி வச்சுட்டேன். ஆனா வீடியோவை வடகரைப் பெரியப்பாவும் பார்த்துட்டார். அங்கதான் வினை.

பெரியப்பாகிட்ட லைசென்சோட ஒரு .315 ரைஃபிள் இருக்கு, தாத்தா காலத்துப் பயிர்க் காவல் துப்பாக்கி. வருஷத்துக்கு இத்தனை தோட்டாதான்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். தேர்தல் வந்தா துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிரும். தோப்பு மலையடிவாரத்துல. பன்னி வந்து தென்னங்கன்னை நோண்டிப் போடும், யானை வந்து மிச்சத்தை முடிச்சுட்டுப் போகும். "அந்த மெஷின் ஒண்ணு உங்க அத்தானைக் கொண்டாரச் சொல்லுலே. சத்தம் காட்டவாவது தோட்டா வேணும்லா"ன்னார்.

ஏழு வருஷத்தைச் சொன்னேன். அசையலை. சீதோஷ்ணத்தைச் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்துல மழை சீசன்ல குதிரை லாயத்துப் பக்கம் வச்சிருந்த பித்தளைத் தோட்டாக்கூடு தானா வெடிப்பு விட்டுச்சு. மூத்திரம் சாணியில இருந்து வர்ற அம்மோனியாவும் ஈரமும்தான் காரணம்னு 1921ல கண்டுபிடிச்சாங்க. இந்தியாவுல நடந்த கூத்து இது. பெரியப்பா வீட்டுலயோ சாரல் அடிச்சா சுவரே வேர்க்கும், பின்னாடியே மாட்டுத்தொழு. "அப்ப மாட்டை வித்துருதேன்"ங்கார் மனுஷன் :-)

கடைசியா அவருக்கே தெரிஞ்ச கதையை ஞாபகப்படுத்தினேன். அவர் சின்னப்பிள்ளையா இருக்கும்போது தோப்புக் காவலுக்கு இருந்த தாத்தா, நாட்டுத் துப்பாக்கிக்குக் கண்ணளவுல கருமருந்து இடிப்பாராம், காதுல பீடியோட. ஒருநாள் ரெண்டு விரல் போச்சு. அவருக்கு தராசும் இல்ல, நோட்டும் இல்ல. மருந்தே தொழிலா இருக்குற சிவகாசிப் பக்கத்துலயே 2012ல முதலிப்பட்டி நடந்துச்சு. நாம எந்த மூலைக்கு? இங்க ரீலோடிங்னு ஆரம்பிச்சா நாலு பேர் அத்தான் மாதிரி நிறுப்பான், நாப்பது பேர் காவல்காரத் தாத்தா மாதிரி இடிப்பான். பன்னிக்குன்னு வைக்கிற அவுட்டுக்காயைக் கடிச்சு வாய் கிழிஞ்ச யானைங்க கதை நமக்குத் தெரியாததா?

அதனால இந்தச் சட்டம் இறுக்கமாவே இருக்கட்டும்னுதான் சொல்வேன். துப்பாக்கிப் பிரியர்கள் திட்டினா திட்டிக்கோங்க. குறி பார்க்குறதுதான் ஆசைன்னா ரைஃபிள் கிளப் இருக்கு, ஏர் ரைஃபிள் இருக்கு. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளோட ஒலிம்பிக் வரைக்கும் போயிருக்காங்க.

ஆனா பெரியப்பா திருப்பிக் கேட்டதுக்குத்தான் எங்கிட்ட பதில் இல்ல. புளியரை தாண்டினா கேரளா. அங்க 2022 மே மாசத்துல இருந்து, பயிரை அழிக்குற காட்டுப்பன்னியைச் சுட உத்தரவு போடுற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கே இருக்கு. சுடுறது லைசென்ஸ் உள்ள ஆள்தான். நம்ம பக்கம் 2025 ஜனவரியில வந்த உத்தரவுப்படி காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறை சுடலாம், ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள்ள எதுவும் கிடையாது. காட்டை ஒட்டின இடம், மிருகம் நடமாடத்தான் செய்யும், நியாயம்தான். ஆனா பெரியப்பா தோப்பு அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு. துப்பாக்கி கூடாது, தோட்டா கூடாதுன்னு சொல்ற அரசாங்கம் அங்க அகழியையும் வேலியையும் ஒழுங்கா போடணும், நஷ்ட ஈட்டை அடுத்த வெள்ளாமைக்கு முன்னாடி குடுக்கணும். இதுல ஒண்ணுமே செய்யாம சட்டப்புத்தகத்தை மட்டும் நீட்டினா அவர் எங்க போவார்?

"அப்ப ராத்திரி நீ வந்து காவல் இருலே"ன்னுட்டு போனை வச்சுட்டார். போன சனிக்கிழமை போயிட்டு வந்தேன். ரெண்டு பேரும் விடிய விடிய தகர டின்னைத் தட்டினோம். பன்னி வரலை. பக்கத்துத் தோப்புக்குப் போயிருக்கு.