அந்தக் குற்றியை நாங்கள்தான் வெட்டினோம்

போன மார்ச் மாதம் பாடசாலைச் சிரமதானத்தில், கிணற்றடியில் பட்டு நின்ற தென்னங்குற்றியை வெட்டிச் சாய்த்தோம். விழுந்த குற்றியின் பொந்துக்குள் நான்கு முட்டைகள் உடைந்து கிடந்தன. இளம் நீலப்பச்சை நிறம், அதில் கபிலப் புள்ளிகள்.

"சேர், இது எந்தக் குருவிட முட்டை?" என்று ஐந்தாம் தரப் பிள்ளை ஒன்று கேட்டது. ஆசிரியர்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்குத் தெரியவில்லை. பிறகுதான் தேடி அறிந்தோம்.

சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது, கூரை உச்சியில் இருந்து விசிலடிப்பது போலப் பாடுமே, அதேதான். தமிழில் குண்டுகரிச்சான், சிங்களத்தில் பொல்கிச்சா.

மைனாவை விடச் சற்றுச் சிறியது. ஆணுக்குத் தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் மினுங்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, சிறகில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. பெண் கொஞ்சம் மங்கல், சாம்பல் கலந்த நிறம். நிலத்தில் தத்திப் பூச்சி பொறுக்கும்போது வாலை மேலே தூக்கித் தூக்கி வைக்கும். வால் பிளந்திருந்தால் அது இரட்டைவால் குருவி. வயிறும் கறுத்து, வாலடி செங்கபிலமாக இருந்தால் கருஞ்சிட்டு.

ஆண் பாடுவது தன் எல்லையைக் காக்க. அடைகாப்பது பெண் மட்டும். மரங்கொத்தியைப் போல இதற்குப் பொந்து குடையத் தெரியாது. உக்கிய மரம், சுவர் ஓட்டை என்று ஏற்கெனவே இருப்பதை நம்பித்தான் முட்டையிடும். நாங்கள் 'குப்பை' என்று வெட்டியது அதன் வீட்டை.

சிங்கப்பூரில் ஒரு காலம் இது சாதாரணக் குருவி. கூண்டில் வளர்க்கவென்று பிடித்ததும் ஒரு காரணமாக, 1970களில் ஏறத்தாழ இல்லாமல் போனது. நாங்கள் கூண்டில் அடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் துப்புரவு என்ற பெயரில் இருப்பிடத்தைப் பறித்தாலும் முடிவு ஒன்றுதானே?

துப்புரவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதையில் விழக்கூடிய மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆபத்தில்லாத பட்ட மரத்தை, வளவு மூலையிலோ மையவாடி ஓரத்திலோ நின்றால், விட்டுவிடுவோம். வெட்டத்தான் வேண்டுமென்றால், முதலில் பொந்துக்குள் எட்டிப் பார்ப்போம். குஞ்சு இருந்தால் பறக்கும்வரை பொறுப்போம்.

நாளை விடிய உங்கள் பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிவந்து அந்தப் பாட்டைக் கேட்க விடுங்கள். பெயரையும் சொல்லிக் கொடுங்கள். எங்களைப் போல முட்டை உடைந்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.